பன்னீர் வாடையே இல்ல

அந்த ஓரத்துல உக்காருங்கக்கா. அங்கதான் காஞ்சிருக்கு. இந்தப் பக்கம் பூராம் ஈரம். இப்பத்தான் ஒருத்தி வந்து, தரையத் தொடச்ச மாப்பாலயே பெஞ்சையும் ஒரு இழு இழுத்துட்டுப் போறா. ச்சீ! கொமட்டுது. நான் பாக்காம உக்காந்துட்டேன். பினாயில் தண்ணி சேலையில ஏறி, பாவாடையில ஏறி, இந்நேரம் என் எலும்புல ஏறிருக்கும். உக்காந்தது உக்காந்தாச்சு, இனி எந்திரிச்சு எங்க போறது? கதவுக்கு நேரா இருக்கிற எடம் இது ஒண்ணுதான். கதவு தெறக்குறப்பல்லாம் உள்ள ஒரு எட்டு பாத்துக்கலாம்ல.

உங்களுக்கு உள்ள யாரு? மகளா? எத்தனை மாசம்? எட்டா. என்னவாம்? தண்ணி கசியுதா!

அப்பச் சரி. சரியான ஆளுகிட்டத்தான் வந்து உக்காந்திருக்கீங்க. பனிக்கொட விசயத்துல என்னைய மாதிரி வெவரம் தெரிஞ்ச ஆளு இந்த வராண்டாவுல கெடையாதுக்கா. கேளுங்க, என்ன வேணாலும் கேளுங்க.

இந்தக் கதவுக்கு உள்ள ரெண்டு பக்கம். எடது பக்கம் உங்க மக மாதிரி தண்ணி போயிப் படுத்திருக்கிறவங்க. வலது பக்கம் பெத்தவங்க. கொறை மாசத்துப் புள்ளைகள ரவிக்கைக்குள்ள நெஞ்சோட நெஞ்சா போட்டு உக்காந்திருப்பாளுக, கங்காரு மாதிரி. எங்க பாண்டிமீனா வலது பக்கம். என் அண்ணன் மக. நான் கூடப் பொறந்த அத்தை, சொர்ணம். பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. மூணு வாரம் கண்ணாடிப் பெட்டியில இருந்துட்டு இப்பத்தான் ஆத்தா நெஞ்சுக்கு வந்திருக்கு. எல்லாரும் பாத்தாச்சு. அவ மாமியா பாத்தாச்சு, எங்க மதினி பாத்தாச்சு, பக்கத்து வீட்டு வாத்தியார் பொண்டாட்டி, சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல, அவ பாத்தாச்சு. நான் மட்டும் பாக்கல. என்னைய மட்டும் விடமாட்டேங்கிறா, அந்தா வாசல்ல நிக்கிறா பாருங்க நீலச்சேலை ஆயா. கேட்டா மூக்காலயே பேசுறா. 'யம்மா, அந்தப் புள்ள வேணாம்னுருச்சும்மா, பெறகு வாங்கம்மா.' காதுக்குள்ள கொசு போன மாதிரி இருக்கா இல்லையா? அப்படியே இருக்குல்ல?

நீங்க சிரிக்க மாட்டீங்களாக்கா? எங்க ஊர்ல வந்து கேட்டுப் பாருங்க. திருமங்கலத்துக்கு இங்கிட்டு எவன் மாதிரி பேசணும்னாலும் சொர்ணம் பேசுவா. ரேசன் கடைக்காரன், பஸ்ஸு கண்டக்டரு, எலெக்சனுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவன், ஒருத்தன விடமாட்டேன். ஒருவாட்டி எங்க பஞ்சாயத்துத் தலைவரு கொரல்ல போன்ல பேசி, தெருவெளக்கு போட வச்சிருக்கேன். விசேச வீட்டுல பாட்டுக் கச்சேரி எதுக்கு, சொர்ணத்தைக் கூப்பிடும்பாங்க. ஆண்டவன் எனக்குக் குடுத்தது அது ஒண்ணுதான்.

அந்தப் புள்ள வேணாம்னுச்சாம். எம் மருமக சொல்லுவாளா அப்படி? பேசத் தெரியாத புள்ள அது. எல்லாம் அந்த மாமியாக்காரி வேலை. தனபாக்கியம். பேருதான் பாக்கியம். அவள நெனச்சாலே எனக்கு வாயெல்லாம் புளிக்குது.

ஏழாம் மாசம் வளைகாப்பு வச்சாங்க. சாத்தூருல, அவுக வீட்டு வாசல்ல பந்தல் போட்டு. நம்மதான் கட்டுச்சோறு கொண்டு போகணும், மகளக் கூட்டிட்டு வரணும், அதானே மொறை. அஞ்சு வகைச் சோறு ஆக்கி, அண்டா அண்டாவா வேன்ல ஏத்திக் கொண்டு போனோம். போயி எறங்கல, அந்தத் தனபாக்கியம் அண்டா மூடியத் தெறந்து மோந்து பாக்குறா. 'ம்... புளி கொஞ்சம் ஜாஸ்தியோ?' மூக்க உள்ள விட்டு, அக்கா! அந்த மூக்குலருந்து ஒரு சொட்டு எங்க புளியோதரையில விழுந்திருக்கும், நான் பாத்தேன், யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நான் அன்னிக்குப் புளியோதரையே தொடல.

நல்ல வெயில். புள்ளைய நடுவுல சேர்ல உக்கார வச்சாச்சு. பச்சைப் பட்டு. வர்றவ போறவ எல்லாம் கன்னத்துல சந்தனத்த அப்புறா. கறி அரிஞ்ச கை, மூக்குச் சிந்துன கை, காசு எண்ணுன கை, அத்தனையும் அந்தப் புள்ள மூஞ்சியில. பாக்கச் சகிக்கல. மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க விடல. 'இன்னும் எங்க சின்னத்தா போடல, இன்னும் எங்க நாத்துனா மக போடல'ன்னு அந்தப் பொம்பள ஒவ்வொருத்தியா இழுத்துட்டு வர்றா. மொழங்கை வரைக்கும் வளையலு. கையத் தூக்க முடியல அவளுக்கு.

வேப்பிலைக் காப்பு போடுறது அத்தை மொறை. அது நாந்தான் போட்டேன். குனிஞ்சு போட்டுக்கிட்டு இருக்கேன், எங் காதுக்கிட்ட மெதுவாச் சொல்றா. 'அத்தை, கீழ என்னமோ சர்ருனு நனையுதத்தை. நிக்க மாட்டேங்குது. என் பின்னாடியே வாங்கத்தை, உள்ள போயிட்டு வந்துருவோம்.'

போனேனே. போகாம இருப்பேனா? அவ எந்திரிச்சா, நான் பின்னாடியே போறேன். ஆனா பச்சைப் பட்டுக்கா. ஈரம் பட்டா கருப்பாத் தெரியும். இம்புட்டு அகலத்துக்கு, பின்னாடி பூராம். நான் என்ன சுவரா, முழுசா மறைக்க? முன்வரிசையில ஒருத்தி பாத்துட்டா. அடுத்தவ பாத்துட்டா. சேர்ல வேற தண்ணி நிக்குது. பேச்சு நின்னுருச்சு. பந்தலே கப்சிப். அம்புட்டுப் பேரும் எங்க ரெண்டு பேரையே பாக்குறாங்க.

அக்கா, உங்களுக்கு இது தெரியாது. அந்த மாதிரி ஒரு கப்சிப் லேசுல கெடைக்காது. பெரிய பெரிய ஆளுக மைக்க வச்சுக்கிட்டு 'அமைதி அமைதி'ன்னு கத்துவாங்க, கெடைக்காது. அது தானா வரணும். வந்தா விடக்கூடாது.

நான் அப்படியே அவ பின்னாடி நின்னு, முட்டி ரெண்டையும் ஒட்டிக்கிட்டு, கையப் பின்னாடி வச்சுச் சேலையப் பொத்திக்கிட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, அவ கொரல்லயே எடுத்தேன். 'அத்தை... என் பின்னாடியே வாங்கத்தை... நான் வாசல் தெளிச்சுக்கிட்டே வர்றேன்...'

இடிஞ்சுச்சு பந்தல்! எங்க அண்ணன், சிரிக்கவே மாட்டாரு, சொக்காயக் கண்ணுல வச்சுக்கிட்டாரு. சமையக்காரங்க கரண்டியோட ஓடியாந்துட்டாங்க. 'இன்னொருக்கா, இன்னொருக்கா'ன்னாங்க. நடந்து காட்டுனேன். கோலமும் போட்டுக் காட்டுனேன்.

கேலி பேசுற மொறைக்கா நான். அத்தை பேசலைன்னா எவ பேசுவா?

மீனா என்ன சொன்னா தெரியுமா? திரும்பி நின்னு, எல்லாரையும் பாத்து, 'பன்னீர்ச்சொம்பு கவுந்துருச்சு'ன்னா. பக்கத்துல மேசையில சொம்பு இருந்துச்சுல்ல, அதச் சொல்றா. உடனே தனபாக்கியம், 'ஆமாமா, பன்னீருதான், நான் பாத்தேன்.' என்னத்தப் பாத்தா இவ? எனக்கு அப்பவே தெரியும். நான் குனிஞ்சு மோந்து பாத்தேன்ல. பன்னீர் வாடையே இல்ல. மதினி காதுல சொன்னேன், 'பன்னீருமில்ல ஒண்ணுமில்ல, ஒம் மக மூத்திரம் பேஞ்சுட்டா, புள்ள மூத்திரப் பையில அழுத்துது, நானும் ரெண்டு பெத்தவதான்'னேன். மதினியும் சரின்னுருச்சு.

இப்பத்தான் டாக்டரம்மா சொல்லுது, மூத்திரம்னா வாடை தெரியுமாம், அடக்குனா அடங்குமாம். இது அடக்குனா அடங்காதாம், சிரிச்சா, இருமுனா, எந்திரிச்சாக் குபுக்குனு வருமாம். வாடையும் மூத்திர வாடை இருக்காதாம். உங்க மகளுக்கும் அப்படித்தானே? ஆங். நீங்க அன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டீங்களா? நல்ல வேலை பண்ணுனீங்க.

எங்க ஆளுக கூறு இருந்தாத்தானே. வேற சேலைய மாத்திவிட்டு, திரும்ப உக்கார வச்சு, மிச்சம் இருந்தவளுகளையும் வளையல் போட வச்சு, ராகு காலத்துக்கு முன்னாடி கெளம்பணும்னு அந்தப் பொம்பள வெரட்டி, வேன்ல ஏத்தி விட்டா. சாத்தூருலருந்து எங்க ஊரு வரைக்கும் ரோடு போட்டுக்கிட்டு இருக்காங்க. தூக்கித் தூக்கிப் போடுது. மீனா என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. காலுக்கு அடியில பழைய துண்ட மடிச்சு வச்சுக்கிட்டா. நான் பாத்தேன். சரி, ரெண்டாவது தரமும் பேஞ்சுட்டா போலன்னு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். நமக்கு அருவருப்பா இருக்குமா இருக்காதா?

மறுநாளு எங்க தெருப் பொம்பளைக வளையலு பாக்க வந்துச்சுக. மதினி வீடும் என் வீடும் ஒரே சுவரு. 'ஏ சொர்ணம், சாத்தூருல என்னமோ பண்ணுனியாமே, பண்ணிக் காட்டு'ன்னாளுக. மாட்டேன்னா விடுவாளுகளா. பண்ணுனேன். மீனா உக்காந்த எடத்துலருந்து எந்திரிக்கவே இல்ல. சொவத்துல சாஞ்சு, காலச் சேத்து வச்சுக்கிட்டு, அவளும் சிரிச்சாக்கா. அதச் சொல்லணும்ல. கோவம் இருந்தாச் சிரிப்பாளா? வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. கண்ணுல தண்ணி கொட்டுற அளவுக்குச் சிரிச்சா.

அப்புறம் ரெண்டு நாளு. ரெண்டு நாளும் அது பாட்டுக்கு ஒழுகிக்கிட்டே இருந்திருக்கு. பழைய வேட்டியக் கிழிச்சு வச்சு வச்சு, கொல்லையில தானே தொவைச்சு, செங்கல்லுக்குப் பின்னாடி காயப் போட்டிருக்கா. எல்லாம் பெறகுதான் தெரியும். அந்தத் துணியையே திரும்பத் திரும்ப வச்சிருக்கா. ச்சீ, கிருமி வராம என்ன வரும்? தொட்டித் தண்ணியில போயி உக்காந்து வேற குளிச்சிருக்கா, நாத்தம் தெரியக் கூடாதுன்னு. நாத்தமே இல்லாததுக்கு!

ஆரு கிட்டச் சொன்னா தெரியுமா கடைசியில? அவ புருசன் கிட்ட. ஜெயமுருகன்னு ஒருத்தன். பட்டாசுக் கட்டு ஏத்துற லாரிக்குக் கணக்கு எழுதுறான். அவனுக்குப் பேச்சே வராதுக்கா, திக்குவாயி. 'எ... எ... எப்பலருந்து மீனா?' இப்படித்தான். ஒரு வார்த்தை வெளிய வர்றதுக்குள்ள காப்பி ஆறிப்போகும். எனக்கு அவன மாதிரி பேச ரொம்பப் புடிக்கும். நல்லா வரும் எனக்கு. அவன் கிட்டப் போன்ல சொல்லியிருக்கா, புள்ள அசைவு கொறைஞ்ச மாதிரி இருக்கு, தண்ணி நிக்க மாட்டேங்குதுன்னு. வண்டிய எடுத்துட்டு நேரா வந்து, வாசல்ல செருப்பக் கூடக் கழத்தாம உள்ள வந்து, அவளத் தூக்கி ஆட்டோவுல வச்சுட்டான். மதினி, 'என்ன மாப்ள, என்ன மாப்ள'ன்னு பின்னாடி ஓடுது. திரும்பி ஒரு வார்த்தை சொன்னான். திக்கல. 'பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு.'

எனக்கு வயிறு எரிஞ்சு போச்சுக்கா. ஒரே சுவரு. தட்டுனா ஓடியாந்திருப்பேன். ரெண்டு பெத்தவ நானு. சாத்தூருல இருக்கிற திக்குவாயனுக்குப் போனு போட்டுச் சொல்றவ, சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தை கிட்டச் சொல்லக்கூடாதா? எதுக்குச் சொல்லல? இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

நானும் ஆட்டோ புடிச்சுப் பின்னாடியே வந்துட்டேன். தனபாக்கியமும் சாத்தூருலருந்து வந்துருச்சு, மூக்க முன்னாடி விட்டுக்கிட்டு. டாக்டரம்மா சின்னப் பொண்ணு. தலையே நிமிராது. சத்தமே வராது. 'எப்போ இருந்து தண்ணி போகுது?' இம்புட்டுத்தான் கொரலு. தனபாக்கியம் முந்திக்கிட்டா. 'இப்பத்தாங்க டாக்டரம்மா, இப்ப வர்ற வழியிலதான், ஆட்டோவுலதான்.' பொய்யி! கூசாமப் பொய்யி! வீட்டுல கவனிக்கலன்னு பேரு வந்துரும்ல. மீனா படுத்த எடத்துலருந்து சொல்றா, 'வளையல் போட்ட அன்னிக்கு.' டாக்டரம்மா அப்பத்தான் தலைய நிமித்துச்சு. 'அப்ப அங்க யாருமே பாக்கலையா?'ன்னு கேட்டுச்சு.

மீனா என்னையப் பாத்தா.

அத்தனை பேரு நிக்கிறோம். பெத்த தாயி நிக்குது, மாமியா நிக்குது. என்னையத்தான் பாத்தா. ஏன்னா அங்க வெவரம் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான் டாக்டரம்மா கிட்டச் சொன்னேன், 'பன்னீர் வாடையே இல்லைங்க, நான் அன்னிக்கே மோந்து பாத்தேன்'னு. அது என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. சின்னப் பொண்ணுல்ல, நம்ம அனுபவத்த எதிர்பாக்கல.

எந்த நேரத்துல ஒடஞ்சுச்சுன்னு கரெக்டாச் சொல்லணுமாம்க்கா, நீங்க சொல்லிட்டீங்கள்ல? கொடம் ஒடஞ்சா கதவு தெறந்த மாதிரியாம். நேரம் ஆக ஆகக் கிருமி உள்ள ஏறுமாம். அதனாலதான் உங்க மகளுக்கும் சும்மா சும்மாக் கைய விட்டுப் பாக்க மாட்டாங்க. நீங்களும் 'ஏன் பாக்க மாட்டேங்கிறாங்க'ன்னு சண்டைக்குப் போகாதீங்க, தனபாக்கியம் போன மாதிரி. ஒருவாட்டி கருவி வச்சுப் பாப்பாங்க, அம்புட்டுத்தான். கிருமிக்கு மருந்து ஏத்துவாங்க. புள்ளைக்கு நொரையீரல் பழுக்கணும்னு தாய்க்கு ஊசி போடுவாங்க. ஊசி தாய்க்கு, வேலை புள்ளைக்கு. அப்புறம் பேடு வச்சு வச்சு நெறத்தப் பாக்கணும். தண்ணி மாதிரி இருந்தாச் சரி. பச்சையா, ரத்தமா, வாடையா இருந்தா அப்பவே நர்சக் கூப்புடணும். காய்ச்சல் அடிச்சாலோ, வயிறு தொட்டா வலிச்சாலோ, புள்ள அசைவு கொறைஞ்சாலோ வெக்கப்படாமச் சொல்லணும். உங்க மக கிட்டச் சொல்லி வைங்க, வெக்கப்படாம. வெக்கத்துலதான்க்கா எல்லாம் கெட்டுப்போகுது. எங்க மீனாவுக்கு அந்த வெக்கம் எங்கருந்துதான் வந்துச்சோ.

இன்னொண்ணு கேளுங்க. தண்ணி பூராம் போயிட்டாப் புள்ள காஞ்சு போகாதான்னு நான் கேட்டேன். போகப் போக உள்ள ஊறுமாம். எப்படி ஊறும்? அந்தத் தண்ணியே பெரும்பாலும் புள்ள போற மூத்திரந்தானாம்! அதையே புள்ள குடிக்குமாம், திரும்பப் போகுமாம். உவ்வே! எனக்கு அன்னிக்கு மத்தியானம் சோறு எறங்கல. ஆனா பாருங்க, நான் அன்னிக்கு மதினி காதுல என்ன சொன்னேன்? மூத்திரம்னு சொன்னேனா இல்லையா? ஆத்தா மூத்திரம் இல்ல, புள்ள மூத்திரம். அம்புட்டுத்தான் வித்தியாசம். ஒருத்தராச்சும் 'சொர்ணம் சரியாச் சொன்னா'ன்னு சொல்லணுமே. ம்ஹூம்.

உடனே எடுக்க மாட்டோம், வயித்துக்குள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் புள்ளைக்கு லாபம், காய்ச்சல் வராத வரைக்கும் தள்ளிப் பாப்போம்னு டாக்டரம்மா சொல்லுச்சு. அதுக்குத் தனபாக்கியம் ஆடுனா பாருங்க ஒரு ஆட்டம். 'ஏழாம் மாசப் புள்ள தங்கும், எட்டாம் மாசப் புள்ள தங்காது. எட்டு பொறக்குறதுக்குள்ள எடுத்துருங்க'ங்கிறா. சோசியக்காரனுக்குப் போனப் போட்டு, அந்தப் போனக் கொண்டு போயி டாக்டரம்மா காதுல வைக்கிறா! எண்ணெயும் பவுடரும் ஒட்டுன போனு. அது தலையத் தள்ளிக்கிட்டு, அதே கொரல்ல, 'அம்மா, மாசத்துக்கு ஒத்தப்படை ரெட்டப்படை தெரியாது. நாளாக ஆகத்தான் நொரையீரல் தேறும்'னுச்சு. ஜெயமுருகன் நடுவுல வந்து, 'அ... அ... அம்மா, நீ வீட்டுக்குப் போ'ன்னான். நான் அதையும் பண்ணிக் காட்டுனேன், உள்ள எடது பக்கத்து வார்டுல. பாவம், படுத்தே கெடக்குறாளுகளேன்னு. எல்லாரும் சிரிச்சாளுக. மீனா சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. தூக்கம் போல.

எட்டும் பொறந்துச்சு. ஒரு வாரம் தள்ளுச்சு. அப்புறம் ஒரு நாளு வெடவெடன்னு நடுக்கம், காய்ச்சல். தண்ணியில வாடை வந்துருச்சு. புள்ள நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னாங்க. அன்னிக்கு இந்தப் பெஞ்சுலதான் நாங்க எல்லாரும் உக்காந்திருந்தோம். ஜெயமுருகன் மட்டும் உக்காரல. கதவையே பாத்துக்கிட்டு நின்னான். ரெண்டு உசிருக்கும் உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா வந்து சொல்லிட்டுப் போச்சு. போறப்ப மெதுவா, 'அந்த மூணு நாள் முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காதோ என்னவோ'ன்னுச்சு. மதினி தலையில அடிச்சுக்கிட்டு அழுகுது. எனக்கு எல்லாரு மேலயும் ஆத்திரம். எல்லாரும் சேந்து ஒரு புள்ளைய இப்படிப் பண்ணிட்டாங்களேன்னு.

என்னத்தையோ பண்ணிக் காப்பாத்திட்டாங்க. புள்ள ஒன்றரைக் கிலோ. பொறந்தப்ப அழுகவே இல்லையாம், மூச்சுக் குடுத்துத்தான் அழுக வச்சாங்களாம். தாய்க்கு இப்பத்தான் ஒடம்பு தேறிச் சிரிச்சுப் பேசுதாம். நானாப் பாத்தேன்? மதினி சொன்னதுதான். தனபாக்கியம் இப்ப என்ன சொல்லிட்டுத் திரியிறா தெரியுமா? 'எட்டாம் மாசப் புள்ள எங்க கொலதெய்வத்தால தங்கிருச்சு'ன்னு. த்தூ. இவளயெல்லாம் உள்ள விடுறாங்க. அண்டாவுல மூக்க விட்டவ, அந்தப் புள்ள மேல மூச்சு விடலாம். நான் கைய ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து உக்காந்திருக்கேன், எனக்கு அனுமதி இல்ல.

நான் என்னக்கா பண்ணேன்? நீங்களே சொல்லுங்க. ஆரம்பத்துலருந்து கேட்டீங்கள்ல. இந்தக் கதையில நான் ஏதாச்சும் தப்பு...

இருங்க. உள்ள என்ன சத்தம்?

கதவு லேசாத் தெறந்திருக்கு. யாரோ பேசுறா. யாருக்கா இது, தகரத்துல ஆணிய வச்சு இழுத்த மாதிரி? கேளுங்க. 'பனிக்கொட விசயத்துல என்னைய மாதிரி வெவரம் தெரிஞ்ச ஆளு இந்த வராண்டாவுல கெடையாதுக்கா!'

அது நான் சொன்னதுல்ல? இப்ப உங்க கிட்டச் சொன்னதுல்ல?

மீனா. மீனாவேதான்க்கா. வாயத் தெறக்கத் தெரியாதவ. இம்புட்டு நேரம் உள்ளருந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. 'ச்சீ! கொமட்டுது!' நான் அப்படியா சொல்றேன்? அப்படி மூஞ்சிய இழுத்தா? வார்டே சிரிக்குது. வயித்துல தையல் போட்டவளுக, வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாளுக. அந்தா, நிறுத்துறா பாருங்க. ஒரு மூச்சு நிறுத்திட்டு இப்ப எடுப்பா. 'பன்னீர் வாடையே இல்லைங்க!'

அந்த நிறுத்தம் என்னுதுக்கா. என் கிட்டருந்து எடுத்தது.

ச்சீ, என்ன கேலி இது? பெரிய மனுசி வெளிய உக்காந்திருக்கா, நாலு பேரு முன்னாடி இப்படியா? மனசு என்ன பாடுபடும்னு தெரிய வேணாம்? அக்கா. நீங்களுமா? இம்புட்டு நேரம் நான் தொண்டை கிழியப் பண்ணினேன், ஒரு பல்லு வெளிய தெரியல. இப்ப அவ ரெண்டு வார்த்தை பேசுனதுக்கு இப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறீங்க?

நீலச்சேலை வர்றா. 'சொர்ணம் அத்தை யாரும்மா? அந்தப் புள்ள உள்ள வரச் சொல்லுது.'

என்னையா? இப்பவா? இப்பத்தான் எல்லாரும் சிரிச்சுட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாளுக. அப்புறமா வரவா? இல்ல, அப்புறம் மறுபடி வேணாம்னுட்டா? வர்றேன், வர்றேன்னு சொல்லும்மா.

அய்யய்யோ.

அக்கா, பின்னாடி ஈரமாத் தெரியுதா? பாருங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ரொம்பவா? எம்புட்டுப் பெருசு? சேலை வேற வெளிர் மஞ்ச. பினாயிலுதான்னு சொன்னா எவ நம்புவா? ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டு இருக்காளுக, இப்ப நான் இந்தக் கோலத்துல போயி நடுவுல நின்னா என்ன நெனைப்பாளுக? கூசுதுக்கா.

உங்க மகளும் உள்ளதானே இருக்கா? எப்படியும் நீங்களும் வரணும்ல? எந்திரிங்க. சிரிக்காதீங்க, எந்திரிங்க. ஒட்டினாப்புல, கொஞ்சம் கிட்டக்க நின்னு, யாரும் பாக்காம... என் பின்னாடியே வாங்கக்கா.